எஸ்.பி.எம். வகுப்பா, சின்னப் பிள்ளைகளின் வாசிப்பா, படிவம் ஒன்றா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டில் ஊர்ப் பணத்தைக் கல்விக்கு ஒதுக்கலாம் என்று பேச்சு வந்தால் மூன்று யோசனைகள் எழும். படிவம் ஐந்தின் முடிவில் எஸ்.பி.எம். பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்குப் பிரத்தியேக வகுப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பு, தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியின் முதல் வருடமான படிவம் ஒன்றுக்குப் போகிறவர்களுக்குத் துணை. மூன்றும் தேவைதான். கோயில் கமிட்டியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் ஓடியாடுவது அதே ஏழெட்டுப் பேர் என்பதால், முதலில் எது என்று கேட்டே ஆக வேண்டும்.

எஸ்.பி.எம். வகுப்புக்கு ஆதரவு சுலபமாகக் கிடைக்கும். அதில் நியாயமும் இருக்கிறது. மலாய்மொழியில் தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை; 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். சரி, படிவம் ஐந்தில் வந்து உட்காருகிற பையனுக்கு வரலாற்றுக் கேள்வியின் மலாயே பிடிபடவில்லை என்றால், ஆறு மாதத்தில் என்ன செய்துவிட முடியும்? ஏற்கெனவே படிக்கிறவர்கள் இந்த வகுப்பால் 'பி'யை 'ஏ' ஆக்கிக்கொள்கிறார்கள், சந்தோஷம். பின்தங்கியவர்களில் பலர் வகுப்புப் பக்கமே வருவதில்லை.

வாசிப்புக்குச் செலவு குறைவு: பாய், கதைப் புத்தகங்கள், மாலையில் ஒரு மணி நேரம். அப்பாவும் அம்மாவும் ஷிப்ட் வேலைக்குப் போகிற வீடுகளில் இது பெரிய உதவி. ஆனாலும் அந்த வயதில் பிள்ளையைக் கவனிக்க ஆள் இருக்கிறது. தோட்டத் (எஸ்டேட்) தமிழ்ப்பள்ளிகளில் மாணவர்கள் குறைவு, எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறுகிறது என்று ஆசிரியருக்குத் தெரியும்.

என் மனம் மூன்றாவதில்தான் நிற்கிறது. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் இருந்த பிள்ளை, 13 வயதில் மலாயில் பாடம் நடக்கும் பெரிய பள்ளிக்குள் நுழைகிறது. சிலர் மலாயில் தேறுவதற்கான புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகிறார்கள். ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் போனது, படிவம் மூன்றில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022இல் போனது. தேர்வுப் பயம் குறைந்தது நல்லதே. அப்புறம் பார்த்தால், எஸ்.பி.எம். வரை பொதுத்தேர்வே இல்லாமல் போனது. படிவம் ஒன்றில் சறுக்கிய பிள்ளை 17 வயதில்தான் வீட்டார் கண்ணில் படுகிறது. தமிழ்ப்பள்ளிக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்காரும் அதே அப்பா, இடைநிலைப்பள்ளிக் கூட்டத்துக்குப் போகத் தயங்குகிறார். அங்கே மலாயில் எழுந்து பேச வேண்டுமே என்ற கூச்சம். படிவம் ஒன்று முதல் மூன்று வரையிலான வருடங்களில் பிள்ளைக்காகக் கேட்க ஆளே இல்லாமல் போகிறது. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவிய தோட்டத் தொழிலாளர்கள் சேமித்த சிறு பணத்தில் தோட்டம் வாங்கினார்கள். எதற்குக் கொடுக்கிறோம் என்பது கொடுத்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நம் ஊர்ப் பணத்துக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

அதனால் என் கணக்கு இது. ஆறாம் ஆண்டு முடிகிற விடுமுறையிலேயே மலாய் வகுப்பு தொடங்கட்டும். படிவம் மூன்று வரை சனிக்கிழமைதோறும் நடக்கட்டும். படிவம் நான்கு, ஐந்தில் இருக்கும் அக்கா அண்ணன்மார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரட்டும். தோட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு வேன் வாடகையை ஊர் ஏற்கட்டும். இடைநிலைப்பள்ளிக் கூட்டத்துக்கு மலாய் சரளமாகப் பேசும் ஒருவர் அந்த அப்பாக்களோடு கூடப் போகட்டும். மிச்சப் பணம் வாசிப்புக்கு. எஸ்.பி.எம். வகுப்பை இரண்டு வருடம் கழித்துப் பேசுவோம்; அதற்குள் இந்த வருடம் படிவம் ஒன்றுக்குப் போகிற பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைப்போம்.