பாப்பாங்: செந்தெனியின் கேபிள் கார் எப்படி?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தலைநகர் செந்தெனியில் 2022 மார்ச்சில் ஓடத் தொடங்கிய பாப்பாங், சுற்றுலா வேடிக்கை அல்ல. நகரப் பேருந்து வலைப்பின்னலின் ஓர் அங்கம். ஷோத்ரோன், கம்பஸ், மூஃபியா, பான்கூல், புவா-தெ-நேஃப்ல் என 5 நிலையங்கள். 2.7 கிலோமீட்டர், ஏறத்தாழ கால் மணி நேரம். பள்ளத்தாக்குகள் சாலையைச் சுற்றவைக்கும் மேட்டில், நேராகப் போவதே இதன் பெரிய லாபம்.

நேர அட்டவணை பார்க்க வேண்டியதில்லை. கம்பிவடம் ஓடிக்கொண்டே இருக்கும். நிலையத்தில் பெட்டியின் பிடி வடத்தை விட்டுவிட்டு, ஊர்ந்து, மறுபடி கவ்விக்கொள்ளும். 10 பேர் அமரலாம். ஊரும்போதே ஏற வேண்டும் என்பதால் முதல் தடவை சற்றுத் தயங்குவோம்.

பலவீனம் காற்றுதான். பக்கவாட்டுக் காற்றில் பெட்டி ஊசலாடித் தூணில் இடிக்கும் அபாயம் இருப்பதால் சேவையை நிறுத்துவார்கள், மின்னலிலும் அப்படியே. ஒரே வடம் என்பதால் ஓரிடத்தில் கோளாறு என்றால் மொத்தமும் நிற்கும். புயல் பருவத்தில் புறப்படும்முன் அறிவிப்பைப் பார்த்து, மாற்றுப் பேருந்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மூஃபியா பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம். பறக்கும் டாக்சி பற்றிப் பேசும் திட்டக்காரர்களும் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்!