சிவப்புக் குமிழ் வலப்பக்கம் இருந்த குளியலறை: ஒரு பிளம்பிங் பணி பற்றிய மதிப்பீடு

சென்னை சேலையூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் பக்கத்து அறையிலிருந்து இருவர் சேர்ந்து செய்யும் பிளம்பிங் வேலையைப் பற்றி எதிர் வீட்டார் சொன்னதால், சென்ற மாதம் அவர்களை அழைத்தோம். வேலை மனநிறைவாக அமைந்தது. ஆனால் குறைகளும் உண்டு என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. குளியலறையில் 25 லிட்டர் கீசர், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும், இரண்டு குமிழ்கள் கொண்ட வால் மிக்சர் (சுவர்க் குழாய்), அதிலிருந்து தொங்கும் டெலிபோன் ஷவர், வாஷ்பேசினில் ஒரு சிறு மிக்சர், கழிப்பறைப் பக்கம் ஹெல்த் ஃபாசெட் (கழுவிக்கொள்ளும் கைக்குழாய்) ஆகியவை உள்ளன. பேசினில் வெந்நீர் வழக்கம்போல இடப்பக்கம் வரும். வால் மிக்சரிலோ வலப்பக்கம் வரும். வீடு கட்டியபோதே சுவருக்குள் குழாய்களை இடம் மாற்றிப் பதித்துவிட்டார்கள். பின்னர் வந்த ஒரு பிளம்பர் சிவப்பு, நீல வில்லைகளை மட்டும் கழற்றி மாற்றிப் பொருத்திவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார். நாங்களும் பழகிக்கொண்டோம். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போய்த் தோளைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

இன்னொரு தொல்லைக்குக் காரணமே பிடிபடவில்லை. பச்சைத் தண்ணீர் மட்டுமே வர வேண்டிய ஹெல்த் ஃபாசெட்டில் சில வேளைகளில் வெந்நீர் வரும். பேசினின் வெந்நீர்க் குழாயிலோ சில வேளைகளில் வெதுவெதுப்பான நீர்தான் வரும். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டி கொதித்துப்போய், பச்சைத் தண்ணீர்க் குழாயைவிட அணைத்து வைத்த கீசரின் தண்ணீரே குளுமையாக இருப்பது சென்னைவாசிகளுக்குத் தெரிந்ததுதான் என்பதால், நாங்கள் முதலில் வெயிலின் மீதே பழியைப் போட்டோம். மார்கழியிலும் அது தொடர்ந்தபோது, பார்க்க வந்தவர்களில் ஒருவர் தெர்மோஸ்டாட்டையும் மற்றொருவர் கீசரையே புதிதாகவும் மாற்றச் சொன்னார்கள்.

இந்த முறை வந்த மூத்தவர் பையிலிருந்து ஸ்பேனரை எடுக்கவே இல்லை. கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் காக் என்ற திருகு வால்வை மூடிவிட்டு, பேசினின் வெந்நீர்க் குழாயைத் திறந்து விட்டார். கீசருக்குள் தண்ணீர் போகாதபோது அந்தக் குழாய் சிறிது நேரத்தில் நின்றுவிட வேண்டும். ஆனால் அது நிற்காமல் ஓடியது. அவர் என் கையைப் பிடித்து நீருக்கடியில் வைத்து, "இது கீசர் தண்ணி இல்ல சார், பச்சத் தண்ணி. எங்கேயோ கலக்குது," என்றார். பிறகு வால் மிக்சரின் இரண்டு குமிழ்களையும் இறுக மூடினார். பேசினில் தண்ணீர் நின்றது.

தவறு எங்கள் பழக்கத்தில் இருந்தது. குளிப்பதற்கு ஏற்ற சூட்டைக் குமிழ்களில் அமைத்து, அவற்றைத் திறந்தபடியே விட்டுவிட்டு, டெலிபோன் ஷவரின் கைப்பிடியிலுள்ள பட்டனை அழுத்தித் தண்ணீரை நிறுத்திவந்தோம். அப்போது வெளியே போக வழியில்லாமல், வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் மிக்சரின் வயிற்றுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று வழிவிடுகின்றன. எந்தப் பக்கம் அழுத்தம் குறைகிறதோ அந்தப் பக்கம் மற்றது பாய்கிறது. ஹெல்த் ஃபாசெட்டை அழுத்தினால் பச்சைத் தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைந்து வெந்நீர் உள்ளே நுழையும். கீசரின் ஆங்கிள் காக்கில் உப்புப் படிந்து வழி குறுகியிருந்ததால், பேசினில் வெந்நீரைத் திறக்கும்போது பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் வந்துவிடும். இரண்டு புதிர்களுக்கும் விடை ஒன்றாக இருந்ததை இத்தனை ஆண்டுகளில் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மிக்சருக்குக் கீழே இரண்டு டைல்களைப் பெயர்த்து, குழாய்களைச் சுவருக்குள்ளேயே குறுக்காக மாற்றி இணைத்தார்கள். வெந்நீர்க் குழாய்க்குச் சிபிவிசியே போட்டார்கள். அது 93 டிகிரி வரை தாங்கும், சாதாரண பிவிசி அந்தச் சூட்டில் இளகிவிடும். மிக்சருக்குள் நீர் நுழையும் இரு கால்களிலும் என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வைப் பொருத்தி, ஆங்கிள் காக்கைப் புதிதாக மாற்றினார்கள். கீசரின் பாதுகாப்பு வால்வையும் சோதித்தார்கள். 25 லிட்டர் நீர் அறை வெப்பத்திலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறத்தாழ ஒரு பெரிய டம்ளர் அளவு விரிவடைகிறது. ஒருவழி வால்வுகள் இருக்கும் அமைப்பில் அதற்குப் போக்கிடம் வேண்டும் என்பதால், அந்தப் பாதுகாப்பு வால்வு சொட்டுவதைக் கண்டு அடைத்துவிட வேண்டாம் என்று சொல்லிப் போனார்கள். பசை நன்றாகக் காய்வதற்காக மறுநாள் காலை வரை வெந்நீரைத் திறக்க விடவில்லை.

இனி குறைகள். முதல் நாள் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். கூலி 2,400 ரூபாய், பொருள்களுக்கு 1,650 ரூபாய் என்பது நியாயம்தான். ஆனால் டைல் ஒட்டுவதற்குக் கொத்தனார் தனியே வருவார், அவருக்கு 800 ரூபாய் என்பதை வேலை முடிந்த பிறகே சொன்னார்கள். ரசீதும் கேட்டபிறகுதான் வந்தது, அதுவும் கடைத்தாளின் பின்பக்கத்தில். பரணில் பழைய டைல்கள் மூன்று கிடந்ததால் நிறம் பொருந்தியது. அப்படி இல்லாதவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

ஒருவழி வால்வு போட்டதும் நீரின் வேகம் சற்றுக் குறைந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் 15 லிட்டர் வாளி நிரம்ப முன்பு 1 நிமிடம் 40 விநாடி ஆனது, இப்போது 2 நிமிடம் ஆகிறது. தொட்டியிலிருந்து பத்து மீட்டர் கீழே இருப்பவருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைப்பதால் எங்களுக்கு இது பொருட்டல்ல. தொட்டிக்கு நேர்கீழே மேல்மாடியில் குடியிருப்பவர்கள், இவர்களை அழைக்குமுன் தங்கள் வாளி நிரம்பும் நேரத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது.