காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது ஒன்று: உடற்பயிற்சி வீடியோ கேம் வாங்குவோர் கவனத்துக்கு

நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் வீடியோ கேம் கருவியில் (கன்சோல்) ஆடும் 'ரிங் ஃபிட் அட்வென்சர்' உடற்பயிற்சி விளையாட்டைப் பழைய செட்டாக வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்னையில் ஒரு கடைக்காரர் எனக்கு விற்ற செட்டில் கன்சோல் அசல், விளையாட்டு பதிந்த கார்ட்ரிட்ஜ் அசல், கையில் பிடித்து ஆடும் வளையமும் அசல். அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் கன்ட்ரோலர்கள் இரண்டும் போலி. கடையில் ஆடிக் காட்டும்போது அசல் ஜோடியை மாட்டிக் காட்டிவிட்டு, பெட்டியில் வேறு ஜோடியை வைத்துக் கட்டிக் கொடுத்தார். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்தத் தந்திரத்தை ஒரே ஒருவர் மட்டும் செய்கிறார் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

ஏமாற்று எப்படி நடந்தது என்று புரிய, விளையாட்டு எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டும். இது 2019 அக்டோபரில் வெளிவந்தது. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தவும் இழுக்கவும் கூடிய ஒரு வளையம், இடது தொடையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, கார்ட்ரிட்ஜ் ஆகியவை பெட்டியில் இருக்கும். கன்சோலோடு வரும் ஜாய்-கான் என்னும் கன்ட்ரோலர்களில் வலது கையுடையதை வளையத்தின் தலையில் செருக வேண்டும், இடது கையுடையதைத் தொடைப் பட்டையில் போட வேண்டும். நின்ற இடத்தில் ஓடினால் திரையில் இருக்கும் ஆள் ஓடுவார். வளையத்தை அழுத்தினால் காற்று பீய்ச்சும். எதிரி வந்தால் குந்தி எழுந்தோ, முழங்காலைத் தூக்கியோ, வளையத்தைத் தலைக்கு மேல் பிடித்து நெருக்கியோ அடிக்க வேண்டும். வில்லன், உடற்பயிற்சி வெறி பிடித்த ஒரு டிராகன். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆடிப் பார்த்தால் மறுநாள் மாடிப்படி இறங்கும்போது சிரிப்பு வராது.

அந்த வளையத்துக்குள் பேட்டரி கிடையாது. எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் உணரி உள்ளே இருக்கிறது. அதற்கு மின்சாரம் தருவதும், அது அளந்ததைக் கன்சோலுக்கு அனுப்புவதும் வலது ஜாய்-கான்தான். செருகும் பக்கத் தண்டவாளத்தில் உள்ள சிறிய உலோகத் தொடுமுனைகள் வழியாக இது நடக்கிறது. சந்தையில் கிடைக்கும் போலி ஜாய்-கான்கள் பலவற்றில் இந்த இணைப்பு வேலை செய்வதில்லை. கார் பந்தய விளையாட்டுக்கு அவை போதும். பொத்தான் அழுத்தினால் வேலை செய்யும், ப்ளூடூத்தில் சேரும், அதிரவும் செய்யும். வளையத்தில் செருகினால் மட்டும் வளையம் வெறும் பிளாஸ்டிக்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் நிற்கிறது. நடங்கள் என்றார் மருத்துவர். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்துக்கும் நாய்களுக்கும் நடுவே நடப்பதே தனி வீர விளையாட்டு. ஜிம்முக்குப் போகும் தைரியம் எனக்கில்லை. ஆகவே இது. நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பனை செய்வதில்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் யார் யாரோ கொண்டுவருவதுதான் இங்கே கடைகளில் கிடைக்கிறது. கன்சோலும் வளையமும் சேர்ந்த பழைய செட்டுக்குக் கடைக்காரர் சொன்ன விலை ரூ.31,500. புதிதாக வாங்குவதைவிடக் குறைவு என்பதால் நியாயமாகவே பட்டது.

கடையில் மரியாதைக்குக் குறைவில்லை. "உட்காருங்கள் மேடம், தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று உபசரித்துவிட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து அவரே ஆடிக் காட்டினார். என்னையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினேன், திரையில் காற்று பீய்ச்சியது. மாதம் பத்து கிலோ குறையும் என்று அவர் அள்ளிவிட்டதை நான் அப்போதே தள்ளுபடி செய்துவிட்டேன். எடையைப் பற்றிப் பேசும் எந்தக் கடைக்காரரும் தராசைப் பார்த்துப் பேசுவதில்லை. பில் கேட்டதற்கு, "பில் போட்டால் ஜிஎஸ்டி கூடும் மேடம், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். கூடினாலும் பரவாயில்லை, போடுங்கள் என்றேன். ஒரு துண்டுச் சீட்டில் 'கேம் செட் - 1' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். பிறகு, "இந்த கன்ட்ரோலர்களில் சார்ஜ் இல்லை, முழு சார்ஜில் இருக்கும் ஜோடியை வைத்துத் தருகிறேன்" என்று உள்ளே எடுத்துச் சென்றார். மாற்று நடந்தது அங்கேதான். அதே சிவப்பு, அதே நீலம்.

வீட்டில் வளையத்தைச் செருகுங்கள் என்ற திரையைத் தாண்டி விளையாட்டு நகரவில்லை. செருகித்தான் இருந்தது. கழற்றிச் செருகினேன், துடைத்துச் செருகினேன், கன்சோலை அணைத்துப் போட்டேன். கடைக்காரர் முதலில் அப்டேட் செய்யச் சொன்னார். அடுத்து எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி பழையது என்றார். வளையத்தைக் கன்ட்ரோலர் படிக்கவில்லை என்பதற்கும் தொலைக்காட்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மூன்றாவதாகச் சொன்னதுதான் இன்றுவரை எரிகிறது: "மேடம், உங்கள் கையில் வலு போதவில்லை. கொஞ்ச நாள் பழகினால் வந்துவிடும்." உடம்பைத் தேற்ற வேண்டும் என்று வந்தவரிடம் உடம்பையே குறையாகக் காட்டினால் வாயடைத்துப் போய்விடுவார் என்ற கணக்கு அது. ஒருவேளை பலரிடம் அது பலித்தும் இருக்கலாம். கடைசியில், கொண்டுவாருங்கள், சர்வீஸ் செய்து தருகிறேன், ரூ.2,500 ஆகும் என்றார்.

என் அண்ணன் மகன் கல்லூரியில் படிக்கிறான், அவனிடமும் ஸ்விட்ச் இருக்கிறது. வந்தவன் எங்கள் வலது கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைச் செருகினான். வளையம் உடனே உயிர்பெற்றது. "அத்தை, உங்கள் கையில் வலு நிறைய இருக்கிறது" என்றான்.

அவன் எனக்குக் காட்டிய அடையாளங்களை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அசல் ஜாய்-கானில் தண்டவாளப் பக்கம் மாதிரி எண் அச்சிட்டிருக்கும்: இடதுக்கு எச்ஏசி-015, வலதுக்கு எச்ஏசி-016. அதை மட்டும் நம்பிவிட வேண்டாம், அச்சடிப்பது பெரிய வித்தையில்லை. வலது ஜாய்-கானின் அடிப்பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போல் ஒரு சிறிய ஜன்னல் இருக்கும், உள்ளே அகச்சிவப்புக் கேமரா. பயிற்சி முடிந்ததும் அதன்மேல் கட்டைவிரலை வைத்தால் இதயத் துடிப்பை விளையாட்டு அளந்து சொல்லும். போலியில் பெரும்பாலும் ஜன்னல்போல் ஒரு கறுப்புத் துண்டு மட்டுமே ஒட்டியிருக்கும். ஆகவே கடையிலேயே வளையத்தை அழுத்திப் பாருங்கள், துடிப்பையும் அளந்து பாருங்கள். பிறகு அந்த ஜோடியை உங்கள் கண்முன்னே அப்படியே பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். சார்ஜ் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் மின்சாரம் இருக்கிறது.

அண்ணன் மகனையும் அவனுடைய கன்ட்ரோலரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் அசரவில்லை. "ஒரிஜினல் என்று நான் சொல்லவே இல்லையே, ஒர்க்கிங் என்றுதான் சொன்னேன்." சுவரில் தொங்கிய 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' பலகையைக் கைகாட்டினார். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியிருந்த 'முழுவதும் ஒரிஜினல்' என்ற செய்தி நீக்கப்பட்டிருந்தது. நான் விலை பேசும்போதே எல்லாவற்றையும் திரைப்பிடிப்பு எடுத்துவைத்திருந்தேன். வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு உள்ள வியாதி அது, இந்த முறை பயன்பட்டது.

அந்தப் பலகைக்கு அவர் நினைக்கும் அளவுக்கு மரியாதை இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. 'கேம் செட் - 1' சீட்டில் காலக்கெடு எதுவும் இல்லை என்பது எனக்குச் சாதகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அழைத்தபோது புகாரைப் பதிந்துகொண்டார்கள். கடைக்காரர் அதற்கெல்லாம் அசையவில்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டேன். இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இறக்குமதிப் பொட்டலத்தின்மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதிகபட்ச விலையும் இருக்க வேண்டும் என்பது விதி. என் பெட்டியில் அந்த ஒட்டு இல்லை. அதையும் மனுவில் சேர்த்திருக்கிறேன்.

விளையாட்டைக் குறை சொல்லவில்லை. வேறிடத்தில் அசல் வலது ஜாய்-கான் வாங்கி இப்போது ஆடுகிறேன். இடதுபக்கப் போலி தொடையில் கட்டியபடியே ஓட்டத்தை ஓரளவு எண்ணுகிறது, சில சமயம் நான் நின்ற பிறகும் ஓடுகிறது. கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவு வராமல் குதித்து ஓடுவதைத் தவிர்க்கும் அமைதி முறை இருக்கிறது, அடுக்குமாடிவாசிகள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கடினத்தை 1 முதல் 30 வரை கூட்டிக் குறைக்கலாம். முடிவில் காட்டும் நேரம் உடம்பு உண்மையில் அசைந்த நேரம் மட்டுமே, ஆகவே முக்கால் மணி நேரம் ஆடிவிட்டு அதில் பாதி கூடக் காட்டவில்லையே என்று பதற வேண்டாம். கலோரிக் கணக்கு தோராயம்தான். முழங்கால் வலியோ இரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எடையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 வைத்திருப்பவர்களுக்கும் இதே கடைகள் வளையப் பெட்டியை மட்டும் தனியாக விற்கின்றன. கார்ட்ரிட்ஜ் அதில் ஓடும். ஆனால் ஸ்விட்ச் 2-இன் ஜாய்-கான் வளையத்தில் பொருந்தாது, பழைய ஜாய்-கான் ஜோடி வேண்டும். 'எல்லாவற்றிலும் ஓடும்' என்பவரிடம் எதைச் செருகி ஓடும் என்று கேளுங்கள். ஸ்விட்ச் லைட்டை வளையத்தோடு சேர்த்து விற்பவர்களும் உண்டு. அதில் கழற்றக்கூடிய ஜாய்-கானும் இல்லை, தொலைக்காட்சியில் இணைக்கவும் முடியாது. உள்ளங்கை அகலத் திரையைத் தரையில் வைத்துக் குந்தி எழ வேண்டியதுதான். உடல் அசைவைப் பார்த்து ஆடவைக்கும் எக்ஸ்பாக்ஸின் கினெக்ட் கேமராவைப் பழைய பொருளாகப் பார்த்தால், கன்சோலோடு இணைக்கும் அடாப்டர் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அந்த அடாப்டரின் உற்பத்தி நின்று ஆண்டுகள் ஆகின்றன, தனியாகத் தேடினால் கேமராவைவிட விலை கூடும்.

என் மனுவுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள், விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் போன வாரம் இன்னொரு 'முழு செட்' விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை இப்போது ரூ.33,000. இதேபோல் கடையில் ஜோடி மாற்றிக் கொடுக்கப்பட்டவர்கள் இருந்தால், பில்லையும் பணம் அனுப்பிய ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் தெரிவியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தும் மனு போட முடியும் என்று ஆணையத்தின் அலுவலகத்தில் சொன்னார்கள்.