தேதி இல்லாத விடுமுறை அட்டை: பள்ளி வாட்ஸ்அப் குழுக்கள், மூன்று கல்வியாண்டுக்குப் பின்

அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர் கேட்டார்: "வாட்ஸ்அப் குரூப் போதுமாங்க, சேனல் தொடங்கணுமா, ஃபேஸ்புக் பேஜும் வேணுமா?" சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் மூன்று கல்வியாண்டாக இந்த மூன்றையும் பயன்படுத்தியதில் தெரிந்ததை அவருக்காக எழுதுகிறேன். குரூப் தொடங்குவது எப்படி என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

முதலில் எரிச்சல். ஐப்பசி பிறந்துவிட்டால் இது ஒன்றுதான் மனதில் நிற்கிறது. நீலப் பின்னணி, குடை பிடித்த குழந்தை, நடுவில் கொட்டை எழுத்தில் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை'. தேதி இல்லை, கிழமை இல்லை, எந்த வட்டத்துக்கு என்று இல்லை. போன வருடத்து அட்டையா, பக்கத்து மாவட்டத்து அட்டையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. 'நாளை' என்று கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினால் மறுநாள் காலை அழித்துவிடுவோம். போனில் அது அழியாமல் கிடக்கிறது, அடுத்த மழைக்கு யாரோ எடுத்து மறுபடி அனுப்புகிறார்கள்.

இது ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்றால், ஃபார்வர்டு செய்த செய்தியில் தெரிவது ஃபார்வர்டு செய்த நேரம்தான். முதன்முதலில் அனுப்பிய நாளும் நேரமும் அதோடு வருவதில்லை. இரண்டு வருடம் பழைய அட்டைகூட இன்று இரவு 8.10-க்கு வந்ததாகவே தெரியும். மலையில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. காபித் தோட்டத்துக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், மழை நாளில் கரண்ட் போனால் போனில் சார்ஜும் இருக்காது. செவ்வாய் இரவு 9 மணிக்கு அனுப்பியது புதன் மாலை மேட்டுக்கு ஏறிய பிறகுதான் வந்து விழும். அதைப் பார்ப்பவருக்கு 'நாளை' வியாழன் ஆகிவிடுகிறது. அடியில் நேரம் போட்டிருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. படத்தைத் தொட்டுப் பெரிதாக்கிப் படிப்பவர் கண் அந்தச் சின்ன எழுத்துக்குப் போவதே இல்லை.

மூன்றாவது காரணம் நம் ஊருக்கே உரியது. மேலே கொட்டும், கீழே சேலம் அஸ்தம்பட்டியில் வெயில் அடிக்கும். ஏற்காடு வட்டத்துக்கு மட்டும் தனியாக விடுமுறை அறிவிப்பது உண்டு. அட்டையில் 'சேலம் மாவட்டம்' என்று மட்டும் இருந்தால் இரண்டு பக்கமும் குழப்பம்: கீழே பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள், மேலே நாலு கிலோமீட்டர் நடந்து வந்த பிள்ளை பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்ற மாதிரி நாட்களில் இது வெறும் வருகைப் பதிவேட்டு விஷயம் அல்ல. ஆடிப் பண்டிகை உள்ளூர் விடுமுறையிலும் இதே குறைதான். விடுமுறையைச் சொல்லும் அட்டை, அதற்கு ஈடாக வேலைநாளாகும் சனிக்கிழமையைச் சொல்வதில்லை. அந்தச் சனிக்கிழமை பாதி பெஞ்சு காலி.

சரிசெய்ய எந்தப் புது ஆப்பும் வேண்டாம். படம் போடாதீர்கள், தட்டச்சு செய்யுங்கள். முதல் வரியிலேயே தேதி, கிழமை, யாருக்கு. இரண்டாம் வரியில் விஷயம். மூன்றாம் வரியில் எதை வைத்துச் சொல்கிறோம், யார் சொல்கிறோம். 'நாளை', 'இன்று', 'வரும் வெள்ளி' ஆகியவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். எழுத்தாக இருந்தால் குரூப்புக்குள் 'விடுமுறை' என்று தேடினால் கிடைக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்து அப்படிக் கிடைக்காது. டேட்டா மிச்சம் பிடிக்க ஆட்டோ டவுன்லோடை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்குப் படம் மங்கலான கட்டமாகத்தான் நிற்கும், எழுத்து அப்படியே தெரியும். பார்வை குறைந்த தாத்தா பாட்டிக்குப் போனே வாசித்துக் காட்டவும் எழுத்துதான் தோது.

தப்பாகப் போட்டுவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஏறத்தாழ இரண்டரை நாள் வரை எல்லாருக்கும் சேர்த்து அழிக்கலாம். ஆனாலும் அழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்த்தவர் பார்த்தபடியே இருப்பார், அழித்தது ஏன் என்று இன்னொரு வதந்தி கிளம்பும். பழைய செய்தியை மேற்கோளாக எடுத்து அதற்குப் பதிலாகவே திருத்தத்தைப் போட்டு, அதைக் குரூப்பின் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள். அப்படி 'பின்' செய்ய 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று அளவு இருக்கிறது. விடுமுறைக்கு 24 மணி, தேர்வு அட்டவணைக்கு 7 நாள் போதும். விடுமுறைச் செய்தியை 30 நாள் 'பின்' செய்து வைத்தால் நாமே ஒரு புது வதந்தியை வளர்க்கிறோம்.

இனி நண்பர் கேட்ட கேள்வி. ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் பள்ளிக்கு ஒத்துவராது. ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் நம் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பதியாத வீட்டுக்குப் போகவில்லை என்று நமக்குத் தெரியவும் செய்யாது. சாதாரண குரூப்பில் 1024 பேர் வரை சேரலாம் என்றாலும் ஒருவர் எண் எல்லாருக்கும் தெரியும். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களுக்கு இதனால் வரும் தொந்தரவு சின்னதல்ல. ஆகவே பல குரூப்புகளை ஒரே குடையில் சேர்க்கும் கம்யூனிட்டி தொடங்கி, அதன் அறிவிப்புப் பகுதியைப் பள்ளி முழுவதுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அட்மின் மட்டும்தான் அறிவிப்புப் போட முடியும், பெற்றோர் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. வகுப்புக் குரூப்பைத் தனியாக வையுங்கள், அதில் பேசட்டும். ஆனால் அங்கே எண்கள் தெரியும் என்பதைச் சேர்க்கும் முன்பே சொல்லி, சம்மதித்தவரை மட்டும் சேருங்கள். 'ஓகே மிஸ்', 'நன்றி மிஸ்' நாற்பது வந்து விழுந்து அறிவிப்பு மேலே போய்விடும் என்பதால், செய்தியின் மேலேயே ஒரு கட்டைவிரல் குறி வைத்தால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரும்பாலானோர் இரண்டு வாரத்தில் பழகிவிடுகிறார்கள்.

2023 செப்டம்பரில் வந்த சேனல் ஊருக்குப் பொதுவாகச் சொல்ல நல்லது. சேர்க்கை, ஆண்டு விழா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் போன்றவற்றுக்கு. யார் பின்தொடர்கிறார்கள் என்பது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் பதிவுகள் 30 நாள்தான் இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் அதில் பிள்ளைகள் முகம் வேண்டவே வேண்டாம்.

யாருடைய எண்ணில் நடத்துவது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஆசிரியரின் சொந்த எண்ணில் நடந்தால் இடமாறுதல் கலந்தாய்வோடு எல்லாம் ஊர் மாறிப்போகும். குரூப்பில் இருக்கும் ஒரே அட்மின் வெளியேறினால், உறுப்பினரில் யாரோ ஒருவர் தானாக அட்மின் ஆகிவிடுவார். பள்ளிக்கென்று ஒரு சிம், அட்மின் குறைந்தது மூன்று பேர்: தலைமையாசிரியர், ஒரு ஆசிரியர், மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு பெற்றோர். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தானே, ஒருவர் கிடைக்காமல் போகமாட்டார். கோடை விடுமுறையில் ரீசார்ஜ் செய்ய மறந்துவிடாதீர்கள்.

இப்போது நான் எதிர்பார்க்காத நன்மை: குரல் பதிவு. பள்ளிச் செய்திக்கு இதைவிடப் பொருத்தமாக வேறொன்று வரவில்லை என்று மனதாரச் சொல்வேன். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசி, தமிழ் சரளமாகப் பேசினாலும் வாசிக்கத் தடுமாறும் பெற்றோர் சேலத்தில் நிறைய. மலையில் எழுத்தே பழகாத அம்மாக்கள் இருக்கிறார்கள். சுற்றறிக்கையை இவர்கள் பிள்ளையிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வார்கள், பிள்ளை தனக்கு வேண்டியதை மட்டும் படிக்கும். ஆசிரியர் குரல் நேரே வந்தால் அந்த இடைத்தரகு போய்விடுகிறது. அதைவிடப் பெரிது, பதிலும் குரலிலேயே வருகிறது. கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்காதவர்கள், பிள்ளைக்குக் கணக்கு ஏறவில்லை, கண் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு நிமிடம் நிதானமாகப் பேசி அனுப்புகிறார்கள்.

செய்யும் முறை முக்கியம். 40 நொடிக்கு மேல் போகாதீர்கள், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. மைக் குறியை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரல் வலிக்காமல் பேசலாம். ஃபேனை நிறுத்துங்கள், வகுப்புச் சத்தம் இல்லாத இடத்துக்குப் போங்கள். தேதியும் கிழமையும் முதலில், கடைசியில் மறுபடி ஒருமுறை. அதே விஷயத்தை மூன்று வரி எழுத்தாகவும் கீழே போடுங்கள், குரலுக்குள்ளும் தேட முடியாது அல்லவா. கொலுசுப் பட்டறையில் இருப்பவர் கை ஓயாமலே கேட்டுவிடுவார். விசைத்தறிக் கொட்டகையில் தறிச் சத்தத்துக்கு நடுவே எதுவும் கேட்காது, அங்கே எழுத்துதான் உதவும். பல வீடுகளில் போன் ஒன்றுதான், அதுவும் அப்பாவோடு காலையில் வெளியே போய்விடும். அதனால் இரவு 7 முதல் 8.30 வரைதான் செய்திக்கு நேரம். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் மலையில் இன்னும் கொஞ்சம் முன்னால்.

ஃபேஸ்புக்கைப் பற்றிச் சுருக்கமாக. பெற்றோருக்கு அது தேவையில்லை, முன்னாள் மாணவருக்குத் தேவை. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 டிசம்பரில் வந்த பிறகு, வெளியூரில் இருப்பவர் தான் படித்த பள்ளிக்கு என்ன வேண்டும் என்று தேடும்போது பக்கம் ஒன்று கண்ணில் படுவது நல்லதுதான். தனிநபர் கணக்காகத் தொடங்காதீர்கள், 5000 நண்பரோடு நின்றுபோகும். பேஜ் தொடங்கி இரண்டு பேருக்கு முழு உரிமை கொடுங்கள். கழிப்பறைக் கதவு, குடிநீர்க் குழாய் என்று தேவையை அளவோடு எழுதினால் வருகிற பதில், பரிசளிப்பு விழாப் படம் நாற்பதுக்கு வருவதில்லை. படத்தில் பிள்ளையின் முகம், பெயர், வகுப்பு, ஊர் நான்கும் சேர்ந்து வரக்கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்தோடு ஒரு ஒப்புதல் தாளை வைத்து, மறுத்தவர் பட்டியலைப் படம் எடுப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். பின்பக்கமாகவோ கைகளை மட்டுமோ எடுத்த படங்களும் அழகாகத்தான் இருக்கின்றன.

மொத்தத்தில் எவ்வளவு மதிப்பெண் என்றால், குரல் பதிவுக்காக ஐந்துக்கு ஐந்து கொடுக்க வேண்டும். கொடுக்க மனம் வரவில்லை. இந்த மழைக்கும் அதே குடைக் குழந்தை மூன்று குரூப்பில் வந்துவிட்டது. பள்ளி வாசல் அறிவிப்புப் பலகையையும் பிள்ளையின் டைரியையும் எடுத்துவிட்டு இதை மட்டும் நம்பலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. நண்பர் குரூப் தொடங்கும் நாளில் முதல் செய்தியாக இந்த மாதிரியைப் போட்டு, இதுபோல் இல்லாத விடுமுறைச் செய்தி எதுவும் நம் பள்ளியுடையது அல்ல என்று குரலிலும் சொல்லிவிடட்டும்:

"12.11.2025, புதன். ஏற்காடு வட்டப் பள்ளிகளுக்கு மட்டும்.
மழை காரணமாக விடுமுறை. சேலம் மாவட்டத்தின் மற்ற வட்டங்களில் பள்ளிகள் நடக்கும். 13.11.2025 வியாழன் நம் பள்ளி உண்டு.
மாவட்ட ஆட்சியர் அறிவிப்பின்படி. தலைமையாசிரியர், காலை 6.20."