குளிர்காலம் முடிந்து திணறும் போட் இன்ஜின்: பாட்டிலா, ஸ்பேனரா?

மாதக்கணக்கில் உறைக்குள் கிடந்த அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும் இன்ஜின்) முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டால் மனசு லேசாகிவிடும். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம் நின்றால் அதிகம். ஐடிலில், அதாவது ரேஸ் கொடுக்காமல் சும்மா ஓடும்போது, இன்ஜின் குலுங்கும், ஒரு சிலிண்டர் வேலைக்கே வராதது போல விட்டுவிட்டு அடிக்கும், கியர் போட்டால் அணைந்துவிடும். ரேஸ் கொடுத்துப் பிடித்தால் மட்டும் ஒழுங்காக ஓடும்.

இந்த இடத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். டேங்கில் கிளீனர் பாட்டிலைக் கவிழ்த்தால் தானே சரியாகிவிடும் என்பார் ஒருவர். பழைய பெட்ரோலை இறக்கிவிட்டு பில்டரையும் பிளக்கையும் மாற்று என்பார் இன்னொருவர். கார்புரேட்டரைக் கழற்றாமல் கதை நடக்காது என்பார் மூன்றாமவர். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூவரும் பேசுவது மூன்று வெவ்வேறு நோய்களைப் பற்றி. இந்த மூன்றையும் தப்பான வரிசையில் செய்து பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

எதிலும் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் பொறுங்கள். குளிர்காலத்துக்கு நிறுத்தும்போது துருப்பிடிக்காமல் இருக்க சிலிண்டருக்குள் ஃபாகிங் ஆயில் அடித்திருந்தால், அது எரிந்து தீரும்வரை புகையும் திணறலும் இருக்கத்தான் செய்யும். கரையில் வைத்து ஓட்டினால் இன்ஜின் தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் மேல் மஃப் என்ற ரப்பர் மூடியை மாட்டி, குழாயில் தண்ணீர் கொடுத்தபடிதான் ஓட்ட வேண்டும். பக்கவாட்டில் தண்ணீர் பீச்சவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். ஓரிடத்திலேயே மடங்கிக் கிடந்த இம்பெல்லர் (தண்ணீரை இறைக்கும் ரப்பர் சக்கரம்) காய்ந்த நிலையில் சுற்றினால் சீக்கிரமே நாசமாகிவிடும்.

சூடான பிறகும் திணறுகிறதா? சரி, மூன்று வைத்தியங்களில் முதலில் பாட்டிலைப் பார்ப்போம்.

அதன் கவர்ச்சி புரிகிறது. கருவி வேண்டாம், கையில் அழுக்குப் படாது. ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும்: பெட்ரோல் போகிற வழியில்தான் கிளீனரும் போக முடியும். ஐடிலில் பெட்ரோல் வரும் சிறு குழல்தான் ஐடில் ஜெட்; அதன் துளை பல இன்ஜின்களில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிச்சமிருப்பது பிசின் மாதிரி அந்தத் துளையில் படிகிறது. பாதி அடைத்திருந்தால் கிளீனர் அதன் வழியே ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். ஒன்றிரண்டு டேங்க் ஓடியதும் வித்தியாசம் தெரியும். முழுக்க அடைத்துவிட்டால் அதற்குள் எதுவும் நுழையப் போவதில்லை. பாட்டிலை நம்பி இரண்டு வாரம் ஓட்டி, கடைசியில் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிய வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. ஊற்றிய கிளீனர் எல்லாம், ரேஸ் கொடுக்கும்போது பெட்ரோல் தரும் மெயின் ஜெட் வழியாகப் போய் எரிந்திருக்கிறது.

ஸ்டெபிலைசரையும் கிளீனரையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறைய. ஸ்டெபிலைசர் நல்ல பெட்ரோல் கெடாமல் இருக்க, நிறுத்துவதற்கு முன் ஊற்றுவது. கெட்டுப்போனதில் பிறகு ஊற்றினால் அது புதிதாகிவிடாது.

அடுத்தது, பெட்ரோலை இறக்குவது. மூன்றில் மதிப்புக் குறைவாகப் பேசப்படுவதும், என் பார்வையில் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். பில்டரில் இருப்பதை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் நின்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. 10% எத்தனால் கலந்த பெட்ரோல் சுமார் அரை சதவீதம் தண்ணீரைத்தான் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும்; பத்து லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லி. அதைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கிலிருந்து உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. இன்ஜின் முதலில் குடிப்பது அந்தக் கசடைத்தான். இதற்கு எந்தப் பாட்டிலும் மருந்தில்லை. முழுக்க இறக்கியே ஆக வேண்டும்.

இறக்குவது பெரிய வேலையாகத் தோன்றினால், அதற்கு முன்பே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஒரு சிறிய டேங்கில் புதுப் பெட்ரோல், அதற்கென்று தனிக் குழாய். இரண்டையும் இன்ஜினில் மாட்டி ஓட்டுங்கள். கிண்ணத்தில் இருக்கும் பழசு தீர்ந்த பிறகு இன்ஜின் சீராகிவிட்டால் கோளாறு படகின் டேங்கிலோ, குழாயிலோ, பில்டரிலோ இருக்கிறது. கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். மாற்றமே இல்லையென்றால் கோளாறு இன்ஜினுக்குள். இதைச் செய்யாமல் ஒரு வருடம் நேராகக் கார்புரேட்டரைக் கழற்றி, துடைத்து, மாட்டி முடித்தேன். ஐந்து நிமிடம் அழகாக ஓடிவிட்டு அப்புறம் இழுத்துக்கொண்டு நின்றது, முன்பு நின்றதைப் போலவே. டேங்க் மூடியில் காற்று போகும் திருகைத் திறக்க மறந்திருந்தேன்!

திணறும் நேரத்தில் குழாயின் நடுவே உள்ள ரப்பர் பல்பை அழுத்திப் பார்ப்பதும் நல்ல சோதனை. அழுத்த அழுத்த இன்ஜின் நிமிர்ந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்: பம்பு தளர்ந்திருக்கலாம், குழாயில் காற்று புகலாம், பில்டர் அடைத்திருக்கலாம்.

பிளக்கை இதே கையோடு பார்த்துவிடலாம். ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை. பக்கத்துப் பிளக்கோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி பிளக்தான். பிளக் வயரைக் கழற்றித் தொங்கவிட்டு ஓட்டிப் பார்க்கும் பழைய பழக்கம் மட்டும் வேண்டாம். சிடிஐ இக்னிஷன் (மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தால் பொறி தரும் யூனிட்) உள்ள இன்ஜின்களில் அது யூனிட்டையே காலி செய்யலாம்.

கார்புரேட்டரைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய சோக் (உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் மூடி) போதும். சூடான இன்ஜின் ஐடிலில் திணறும்போது சோக்கை லேசாக இழுங்கள். சீரானால் கலவையில் பெட்ரோல் குறைகிறது. புது டேங்கிலும் இப்படியே இருந்தால் ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அப்போது ஸ்பேனரை எடுங்கள், தயங்க வேண்டாம். மாறாக, சோக் இழுத்ததும் கறும்புகை விட்டு அணைந்தால் ஜெட் அடைப்பு என்று நினைத்துக் கழற்ற வேண்டாம்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் முக்கியம். காற்றோட்டமான இடம், அருகில் தீயோ பொறியோ கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி. ஜெட் பித்தளை, பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் காடி சிதைந்துவிடும். ஐடில் கலவையைச் சரிசெய்யும் கலவைத் திருகை வெளியே எடுக்கும் முன், மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். துளையில் இரும்புக் கம்பியை விடாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் ஜெட் குப்பைக்குத்தான். கிளீனரில் ஊறவைத்து, அழுத்தக் காற்று அடித்தால் போதும். கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் பொடி தட்டுப்பட்டால் அது தண்ணீர் அலுமினியத்தை அரித்த தடம். அந்தப் படகின் டேங்கையும் இறக்கியே ஆக வேண்டும். மூன்று நான்கு கார்புரேட்டர் உள்ள இன்ஜின் என்றால் மாட்டிய பிறகு அவற்றை ஒன்றுக்கொன்று சமன்செய்ய வேண்டும். அந்தக் கருவி இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே மேல்.

இஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜினில் கணக்கு மாறும். அங்கே கழற்ற கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய பட்டறைக்குத்தான் போக வேண்டும். அதனால் புதுப் பெட்ரோலும் பில்டரும் மாற்றிய பிறகு பாட்டிலுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதில் தப்பில்லை.

எல்லாம் செய்தும் ஒரு சிலிண்டர் வரவில்லையா? கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் சமாச்சாரம். அங்கே பாட்டிலும் உதவாது, கார்புரேட்டரைக் கழுவுவதும் உதவாது.