டாப்னியான்னு ஸ்டிக்கர், உள்ள மொய்னா
பைட்டர் மீன் குஞ்சுங்களுக்கு உயிர் தீனி வேணும்னு கொளத்தூர்ல ஒரு கடையில தண்ணிப்பூச்சி ஸ்டார்டர் கல்ச்சர் (வீட்ல வளர்த்து பெருக்குறதுக்கான முதல் கூட்டம்) வாங்கினேன், கவர்ல பெருசா டாப்னியா மேக்னான்னு, அதாவது பெரிய சைஸ் தண்ணிப்பூச்சின்னு ஒட்டிருந்துச்சு, ஆனா உள்ள நீந்துனது எல்லாம் பொடிப்பொடியா இருக்கவும் அப்பவே டவுட்டுதான், ஏன்னா மேக்னா நல்லா வளர்ந்தா 5 மில்லிமீட்டர் வரைக்கும் போகும், இது 1 மில்லிமீட்டர் தாண்டுறதே பெரும்பாடு.

வீட்டுக்கு வந்து ஒரு சொட்ட ஸ்லைடுல விட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தேன். டாப்னியாவுக்கு ஓட்டோட பின்பக்கம் முள்ளு நீட்டிட்டிருக்கும், மூஞ்சி கிளி மூக்கு கணக்கா கூரா இருக்கும், குட்டி உணர்கொம்பு ரெண்டும் அதுக்கடியில ஒளிஞ்சிருக்கும். இதுல முள்ளே காணோம், தலை மொழுக்குன்னு உருண்டை, அந்த கொம்பு ரெண்டும் நீளமா வெளிய தொங்கி ஆடுது. சந்தேகமே இல்ல, டாப்னியாவோட சின்ன சைஸ் சொந்தக்காரன் மொய்னாதான்! எந்த மொய்னான்னு கேட்டா, கூட்டம் அதிகமாகி தீனி குறையும்போது முதுகுல கட்டுற முட்டைக்கூட்டப் பாக்கணும், மைக்ரூரான்னா உள்ள ஒரு முட்டை, மேக்ரோகோப்பான்னா ரெண்டு. இன்னும் எதுவும் கூடு கட்டல.

கடைக்காரர்ட்ட போன்ல கேட்டா "எல்லாம் ஒண்ணுதாண்ணே"ங்கிறார், எரிச்சலா வந்துச்சு.

மத்தபடி கல்ச்சர் சுத்தம், ஹைட்ரா, சைக்ளாப்ஸ் மாதிரி வேண்டாத குட்டி உயிருங்க எதுவும் கலக்கல, மெட்ராஸ் வெயில்லயும் பாசி வளர்ந்த பச்சை நிறத் தண்ணி ஊத்த ஊத்த பெருகிட்டே இருக்கு, குஞ்சு வாய்க்கும் இந்த சைஸ்தான் கரெக்ட். கல்ச்சருக்கு 4 ஸ்டார், ஸ்டிக்கருக்கு 1. பெரிய மீனுக்கு மேக்னாவே வேணும்ங்கிறவங்க முள்ளு இருக்கான்னு பாத்துட்டு காசு குடுங்க.