கேமரா போச்சு என்று 4,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஒரு காலை வகுப்பில் மாணவர்களுக்கு என் குரல் மட்டும் கேட்டது, முகம் வரவில்லை. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் கேமரா அனுமதியையும் பார்த்தேன், ஆனில்தான் இருந்தது. சரி என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் டிவைஸ் மேனேஜரை, அதாவது லேப்டாப்பில் உள்ள பாகங்களை விண்டோஸ் காட்டும் பட்டியலை, திறந்து காட்டினார். “பாருங்க மேடம், லிஸ்ட்லயே கேமரா இல்ல. மாட்யூல் போச்சு, மாத்தணும்.” கண்ணெதிரே காட்டியதால் நம்பினேன். மூன்று நாள் கழித்து 4,200 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். கேமரா வேலை செய்தது. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். மூன்று வருடமாக உட்கார்ந்து தயாரித்த கேள்வித்தாள்கள் அத்தனையும் போய்விட்டன. பணம் போனதைவிட அதுதான் இன்னும் ஆறவில்லை.

பத்தே நாளில் மறுபடியும் முகம் வரவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: “மிஸ், சைடுல சின்ன சுவிட்ச் இருக்கா பாருங்க. எங்கப்பா லேப்டாப்ல இருக்கு.” இருந்தது. வலது ஓரத்தில், நகத்தால் நகர்த்தும் அளவில், பக்கத்தில் குட்டியாகக் கேமரா படம். நகர்த்தியதும் முகம் வந்துவிட்டது. பையில் வைத்து எடுக்கும்போது நகர்ந்திருக்க வேண்டும்.

லெனோவோ, எச்பி லேப்டாப்கள் சிலவற்றில் இந்த சுவிட்ச் உண்டு. வேறு சில மாடல்களில் கீபோர்டிலேயே கேமரா படம் போட்ட பட்டன் இருக்கும், அல்லது லென்ஸுக்கு மேல் தள்ளி மூடும் மூடி. பக்கவாட்டு சுவிட்ச் பல மாடல்களில் கேமராவின் இணைப்பையே துண்டித்துவிடும். அப்போது டிவைஸ் மேனேஜரிலும் கேமரா காணாமல் போகும். மாட்யூல் போச்சு என்பதற்கு ஆதாரமாக அவர் எனக்குக் காட்டியது இதைத்தான். தினமும் லேப்டாப் பிரிக்கிறவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

கடைக்குப் போய் பழைய மாட்யூலைக் கேட்டேன். “அன்னைக்கே குப்பையில போட்டாச்சு மேடம்” என்றார். பில்லில் ‘லேப்டாப் சர்வீஸ்’ என்று ஒரே வரி, எதை மாற்றினார்கள் என்றே இல்லை. நீங்கள் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஃபைல்களைக் காப்பி எடுத்துவிடுங்கள். ஃபார்மேட் செய்யக்கூடாது என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.